இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே ஒரு கோல்

தஞ்சாவூரில் சாயங்காலம் பந்து பழக வருகிற பிள்ளைகள் இப்போது இங்கிலீஷில் கத்துகிறார்கள். 'மேன் ஆன்' என்கிறார்கள், 'லீவ்' என்கிறார்கள், 'டைம்' என்கிறார்கள். மார்பை இறுக்கிப் பிடித்த ஒரு கறுப்பு உள்சட்டை. அதன் முதுகில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி. யார் எவ்வளவு ஓடினான், எப்போது நின்றான் என்று அது போனுக்குக் கோள் சொல்லிவிடுமாம். போன வாரம் அவர்களில் ஒருவன், என்னைப் போலவே நடுவில் ஆடுகிறவன், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கேட்டான்.

"சார், உங்க காலத்துல ஒரு மேட்ச்சுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க?"

"முடிஞ்ச அளவு ஓடாமப் பாத்துக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

"அப்ப என்னதான் சார் செஞ்சீங்க?"

"கத்தினேன்."

"என்னன்னு?"

அந்தக் கேள்விக்குப் புல்தரையில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. நான் கத்திய ஒரு சொல்லால் எனக்கு வேலை போக இருந்தது. அதே சொல்லால்தான் நிலைத்தது. அதுவும் முழுச் சொல்கூட இல்லை, அதன் முதல் எழுத்தில் ஒட்டியிருந்த உயிர். அதனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழகிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். காவிரிக்குத் தென்கரையில் திருக்காட்டுப்பள்ளி, வடகரையில் எங்கள் ஊர். சம்பா அறுத்த வயலில் தாள் காலைக் குத்தும். குத்தாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, எதிரே வருகிறவனையும் அதே மாதிரி ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்கு மெட்ராஸில் டிரிப்ளிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம், காலேஜ், மாவட்டம் என்று பனியனின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. நான் மட்டும் அதே இடத்தில் நின்றேன், நடுவில். நடுவில் ஆடுவது வயலுக்குத் தண்ணி பார்க்கிற வேலைதான். எந்த மடையைத் திறக்கணும், எதை அடைக்கணும் என்று தெரிந்தால் போதும். ஓடுவது தண்ணீர். பார்க்கிறவன் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மெட்ராஸில் பம்புசெட் செய்கிற ஒரு பொதுத்துறைக் கம்பெனி தன் டீமுக்கு என்னைக் காண்ட்ராக்டில் எடுத்தது. காலையில் பந்து, மத்தியானம் ஸ்டோர்ஸில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்து தூங்காமல் இருப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. அதை நான் பெரும்பாலும் நிறைவேற்றவில்லை.

எங்கள் ஊரில் அப்போது யாரைப் பார்த்தாலும் 'நல்லா இருக்கியா' என்று கேட்கிற பழக்கம் போய்விட்டிருந்தது. 'பர்மனெண்ட் ஆயிட்டியா' என்றுதான் கேட்பார்கள். காவிரியில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் குறுவை போச்சு. அண்ணன் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டான். அப்பா இல்லை. அம்மா நடவுக்குப் போவாள், நடவு இருந்தால். அந்த வீட்டில் 'பர்மனெண்ட்' என்ற சொல்லை விளக்கேற்றி வைத்த மாதிரி மெதுவாகத்தான் சொல்வோம், வேகமாகச் சொன்னால் அணைந்துவிடும் போல.

என்னோடு கம்பெனிக்கு வந்தவன் நூர்தீன், முத்துப்பேட்டைக்காரன், எங்கள் கோல்கீப்பர். மாவட்ட டீமில் இருந்தே அவன் முதுகுப் பக்கம், நான் முன் பக்கம். என் பின்னால் இருந்து அவன் 'விடு' என்பான், நான் காலைத் தூக்கிக்கொள்வேன், பந்து என் காலடியில் நழுவி அவன் கைக்குப் போகும். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன். எங்கள் பக்கத்தில் 'விடு' என்றால் கையெடு, ஒதுங்கு, அது உன் வேலை இல்லை என்று பொருள். மாட்டை விடு. சண்டையை விடு. 'ஒரு அறை விட்டான்' என்பதெல்லாம் எங்களுக்கும் உண்டுதான். ஆனால் தனியாக ஒரு 'விடு' வந்தால் அதில் ஒரு சமாதானம் இருக்கும்.

ஒருநாள் பயிற்சி முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே நூர் சொன்னான்.

"மாப்ளே, விசா வந்துருச்சு."

"எங்கடா?"

"ஷார்ஜா. மச்சான் சூப்பர் மார்க்கெட் போட்டிருக்காரு. அரிசி மூட்டையைப் பிடிக்கணும். பந்தை விட அது மெதுவாத்தானே வரும்?"

"சீசன் பாதியிலயா போற?"

"விசாவுக்கு சீசன் தெரியுமாடா? நீயும் வந்துடு. அங்க வந்து ரெண்டு வருஷம் பேரீச்சம்பழம் அடுக்குனா போதும், பர்மனெண்ட்டாவது ஒண்ணாவது."

நூர் பறந்தான். அவன் இடத்துக்கு ராயபுரத்துக்காரன் ஆரோக்கியம் வந்தான். நல்ல கீப்பர். சிங்கம் மாதிரி குரல். முதல் மேட்சிலேயே எங்கள் இருவருக்கும் நடுவே தமிழ் வந்து நின்றது.

எதிராளி தட்டிய பந்து, உயிரே இல்லாமல், எங்கள் கோல் பக்கம் உருண்டு வந்தது. நான் கோலைப் பார்த்தபடி அதன் மேல் காலை வைக்கப் போகிறேன். ஆரோக்கியம் கத்தினான்: "வுடு!"

காலைத் தூக்கிக்கொண்டேன். பந்து என் காலடியில் நழுவி, ஆரோக்கியத்தின் வலது பக்கமாக, ஒரு பசுமாடு கொட்டகைக்குள் போவது போல உள்ளே போய் வலையில் முட்டி நின்றது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"வுடுன்னு சொன்னேன்ல!"

"விட்டேனே!"

"எங்கடா வுட்ட?"

"இப்பத்தானே விட்டேன், பாத்துக்கிட்டுத்தானே நின்னே?"

ரெஃப்ரி விசில் ஊதி நடுக்கோட்டுக்குக் கையைக் காட்டும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். அந்த மேட்சில் தோற்றோம்.

எங்கள் கோச் வின்சென்ட் மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வியாசர்பாடிக்காரர். குள்ளம். டிராக் பேண்ட், ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு துண்டு, பேண்ட் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. அவர் கத்தி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் ஒரு கடலையை எடுத்து, அவசரப்படாமல் உரித்து, தோலை ஊதி, பருப்பைத் தப்புச் செய்தவன் உள்ளங்கையில் வைப்பார். வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்தப் பருப்பைத் தின்னவும் முடியாது, எறியவும் முடியாது. மூடிய கையோடு பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்தவர்களை நான் அறிவேன்.

அன்று என் கையில் ஒன்று, ஆரோக்கியம் கையில் ஒன்று. எதிரெதிரே நிற்க வைத்தார்.

"உங்க ஊர்ல விடுன்னா இன்னா?"

"கையெடுன்னு அர்த்தம் மாஸ்டர்."

"நீ சொல்லு, வுடுன்னா இன்னா?"

"ஒதைன்னு அர்த்தம் மாஸ்டர்" என்றான் ஆரோக்கியம். "பந்தை வுடு, பட்டத்தை வுடு, ஒண்ணு வுட்டா பல்லு பேந்துரும்."

"கையெடுன்னு சொல்லணும்னா?"

"'என்து'ன்னு கத்துவோம் மாஸ்டர், என் பந்துன்னு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "டீம்ல அத்தினி பேரும் மெட்ராசு. நீ ஒத்த ஆளு. மாற வேண்டியது யாரு?"

"நான்தான் மாஸ்டர்."

"நீ இல்லடா. உன் உதடு."

அடுத்த நாளிலிருந்து ஓட்டத்துக்கு முன்னால் எனக்குத் தனிப் பயிற்சி. கேலரியின் கீழ்ப்படியில் உட்கார வைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் டீயைக் கையில் கொடுப்பார்.

"குடி."

"சுடுது மாஸ்டர்."

"சுட்டா இன்னா பண்ணுவ?"

"ஊதுவேன்."

"ஊது. அப்டியே இரு. உதட்ட எடுக்காத. இப்ப சொல்லு."

"வுடு."

"இன்னும் விடுதான் எட்டிப் பாக்குது. பல்லு தெரியுது பாரு. பல்லு தெரிஞ்சா அது உங்க ஊரு. உதடு தெரிஞ்சா எங்க ஊரு. ஊது."

எதிரே மற்றவர்கள் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள். குனியும்போது சிரிப்பார்கள், நிமிரும்போது நிறுத்திக்கொள்வார்கள். முன்னால் ஆடுகிற வியாசர்பாடி டில்லிபாபு என்னைக் கடக்கும்போதெல்லாம் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போலக் காட்டுவான். நான் டீயைக் குடித்துக் குடித்து உகரத்தை வாங்கினேன். வாங்கிய உகரம் வாயில் தங்கிவிட்டது. ஊருக்குப் போனபோது காலைச் சுற்றிய கன்றுக்குட்டியிடம் "வுடும்மா" என்றேன். அம்மா கன்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். களைத்துப்போனால் மட்டும் பழைய இகரம் எட்டிப் பார்க்கும். அதை மாஸ்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குள் நாட்டில் காற்று மாறியிருந்தது. எங்கள் கம்பெனிக்குப் புது ஜி.எம். வந்தார். வந்ததும் கேண்டீனில் வடை நின்றது. பிறகு ஷிஃப்ட் பஸ் நின்றது. பிறகு அவர் கண் மைதானத்துக்கு வந்தது. பம்புசெட் விற்பதற்குப் பந்து எதற்கு என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். கடைசியில், டீம் முதல் டிவிஷனில் நின்றால் வைத்துக்கொள்வோம், காண்ட்ராக்ட் பையன்களையும் பர்மனெண்ட் ஆக்குவோம், இறங்கினால் கலைத்துவிடுவோம் என்று ஒரு வார்த்தை வந்தது. மாஸ்டர் அதை எங்களிடம் இன்னும் சுருக்கினார்.

"நின்னா நீ பர்மனெண்ட். எறங்குனா பஸ் ஏறு."

சீசனின் கடைசி மேட்ச் வந்தபோது நாங்கள் ஜெயித்தாலொழிய இறங்குவோம் என்ற நிலை. ஹாஸ்டல் போனுக்கு நூர் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, பேரீச்சம்பழப் பக்கம் ஒரு இடம் காலியாக இருக்கிறது, என்ன சொல்கிறாய் என்றான். மேட்ச் முடியட்டும்டா என்றேன்.

எதிர் டீம் ஒரு மத்திய அரசு டிபார்ட்மெண்ட். அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அவர்களுடைய ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், கலியமூர்த்தி. திருக்காட்டுப்பள்ளிக்காரன். ஆற்றின் அந்தக் கரையில் அவனும் இந்தக் கரையில் நானுமாக வளர்ந்தோம். மாட்டுப் பொங்கலன்று இரண்டு ஊருக்கும் நடக்கும் மேட்சில் சில வருஷமாக எங்கள் ஊர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் நான்தான் என்று அவன் நம்பினான். நானும் அதை மறுத்ததில்லை. அவன் எனக்கு முன்பே டிபார்ட்மெண்ட்டில் சேர்ந்து பர்மனெண்ட் ஆகி, சட்டைப் பையில் பேனா குத்துகிறவனாகிவிட்டான்.

அன்று ஒவ்வொரு கார்னர் கிக்குக்கும் என் பக்கத்தில் வந்து நின்று, பந்தைப் பார்த்தபடியே, கல்யாண வீட்டில் விசாரிப்பது போல விசாரிப்பான்.

"ராசு, பர்மனெண்ட் ஆயிட்டியா?"

"ஒதுங்குடா."

"அம்மா எப்படி இருக்காங்க? கேட்டதா சொல்லு. பர்மனெண்ட் ஆனப்புறம் சொன்னா போதும்."

ஆளுக்கு ஒரு கோல். வெயில் சாய்ந்து கேலரி நிழல் பாதி மைதானத்தை விழுங்கியிருந்தது. கொஞ்ச நேரம்தான் பாக்கி. இடது ஓரத்திலிருந்து எங்கள் ஆள் யாரோ அடித்த பந்து, நினைத்த உயரம் ஏறாமல், தரையோடு தரையாகப் பெனால்டி கட்டத்துக்குள் உருண்டு வந்தது. நேராகக் கலியமூர்த்தியின் காலுக்கு. அவனுக்குப் பின்னால், அவன் முதுகு மறைப்பில், டில்லிபாபு. நான் கட்டத்தின் விளிம்பில். கலியன் காலை ஓங்கினான். ஓங்கியது கேலரிக்குப் போகும், கேலரியிலிருந்து பந்து திரும்பி வருவதற்குள் என் வாழ்க்கை திருச்சி பஸ்ஸில் ஏறிவிடும்.

கத்தினேன்.

கலியமூர்த்தியின் கால் காற்றில் நின்றது. பந்து அதன் அடியில் போனது. அதே நொடியில், அதே சொல்லைக் கேட்ட டில்லிபாபு, தன் காலில் இருந்த அத்தனை வியாசர்பாடியையும் திரட்டி ஒன்று வுட்டான். வலை வீங்கியது.

இரண்டு பேரும் சொன்னதைச் செய்தார்கள். ஒருவன் விட்டான், ஒருவன் வுட்டான்.

கலியன் தூக்கிய காலைக் கீழே வைக்கவே கொஞ்ச நேரமானது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"டேய்... நீயாடா?"

நான் அதற்குள் டில்லிபாபுவின் முதுகில் ஏறியிருந்தேன்.

நெல்லூர்க்காரரான ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். ஆனால் அவர்களுடைய மேனேஜர், தோற்பது பரவாயில்லை, ஏமாந்ததாகச் சொல்ல விடமாட்டேன் என்று சங்கத்தில் புகார் கொடுத்தார். புகாரில் சாரம் உண்டு. தன் ஆளுக்குக் குரல் கொடுக்கலாம். எதிராளியை ஏமாற்றக் குரல் கொடுத்தால் அந்தக் கோல் செல்லாது. அதாவது நான் கத்தியது டில்லிக்கா, கலியனுக்கா? அதைச் சொல்ல என் மனசைத் திறந்து பார்க்க வழியில்லை, ஆகவே வாயைப் பார்த்தார்கள். 'வுடு' என்றிருந்தால் அது டில்லிக்கு. 'விடு' என்றிருந்தால் அது கலியனுக்கு.

விசாரணை ஸ்டேடியத்து மாடியில். வராந்தாவில் நான் போனபோது கலியமூர்த்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பேனாவை மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"வாங்க அக்கரைக்காரரே."

"கலியா, என்ன சொல்லப் போற?"

"நடந்ததைச் சொல்லப் போறேன்."

"என்ன நடந்துச்சு?"

"அது நீ எனக்கு என்ன செய்யப் போறேங்கறதைப் பொறுத்து நடந்திருக்கும்."

"என்னடா வேணும்?"

"வர்ற மாட்டுப் பொங்கல் மேட்ச். எங்க பனியன் போட்டு ஆடணும்."

"எங்க ஊருக்கு எதிராவா?"

"பின்ன, உகாண்டாவுக்கு எதிராவா?"

"டேய், ஊருக்குள்ள விடமாட்டாங்கடா. முடி வெட்ட ஆள் வரமாட்டாங்க."

"பர்மனெண்ட் ஆளு, மெட்ராஸ்ல வெட்டிக்க."

"உங்க மேனேஜர் உன்னைச் சும்மா விடுவாரா?"

"லீக் மேட்ச் டிபார்ட்மெண்டுக்குடா. பொங்கல் மேட்ச் எனக்கு." பேனாவைப் பையில் குத்தினான். "ஒழுங்கா ஆடணும். ஒதுங்கி ஒதுங்கி நின்னு ஏமாத்துனே, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து உண்மையைச் சொல்லிருவேன்."

தலையை ஆட்டினேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வெகுநாளைக்குப் பிறகு கையில் ஒரு வழக்கு சிக்கிய குஷி அவர் முகத்தில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "ஆக, கேள்வி ஒன்றுதான். இகரமா, உகரமா?"

முதலில் ரெஃப்ரி.

"சார், 'டு' கேட்டுது."

"அதற்கு முன்னால்?"

"முன்னாடி என்ன வந்துச்சோ தெரியல சார். நமக்கு டு மட்டும்தான் கேட்டுது."

அடுத்து மாஸ்டர். நான் எப்படிக் கத்துவேன் என்று கேட்டார்கள். மாஸ்டர் எழுந்து நின்று, "ஒரு டீ வேணும் சார், நல்லா சூடா" என்றார். அவருக்குத்தான் என்று நினைத்து வரவழைத்தார்கள். கிளாஸை என் கையில் கொடுத்தார். "ஊது" என்றார். ஒரு கமிட்டி முன்னால், கோட்டுப் போட்டவர்கள் முன்னால், நான் ஊதினேன். "இப்ப சொல்லு."

"வுடு!"

மின்விசிறிச் சத்தத்தையும் மீறி அது அறையில் உருண்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பாட்டுக் கச்சேரியில் போலத் தலையை ஆட்டினார்.

"உகரம். சந்தேகமே இல்லை."

"இப்ப சொல்றான் சார்!" என்று எதிர் மேனேஜர் துள்ளினார். "அன்னிக்குச் சொன்னதைக் காதால கேட்டவன் எங்க ஆளு. அவனைக் கேளுங்க."

கலியமூர்த்தி வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். வாயைத் துடைத்தான். அந்த அறையில் என் உயிரை இவ்வளவு நிதானமாக யாரும் கையாளவில்லை.

"வுடுன்னுதான் சார் சொன்னான்."

மேனேஜர் வாய் திறந்தபடி நின்றது. ஆனால் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. "அப்படியானால் நீங்கள் ஏன் பந்தை விட்டீர்கள்?"

இது எங்கள் வராந்தா ஒப்பந்தத்தில் வரவில்லை. கலியன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

"வழுக்கிருச்சு சார்."

"தூக்கிய கால் எப்படி வழுக்கும்?"

"ஊனுன கால் சார்."

"அன்றைக்கு மழை இல்லையே?"

"வேர்வை சார்" என்றான் கலியமூர்த்தி. "எனக்கு அதிகம் வேர்க்கும்."

கோல் நின்றது. டீம் நின்றது. வெளியே வந்ததும் கலியன் தன் மேனேஜருக்குக் கேட்காத தூரம் வரை பேசாமல் நடந்தான். பிறகு சொன்னான்: "டிபார்ட்மெண்ட்ல இனி என்னை வேர்வைன்னுதான்டா கூப்பிடுவாங்க. நீ ஒரு கோலாவது போடணும்."

அன்று நான் உண்மையில் கத்தியது எது என்று இன்றும் கேட்கிறார்கள். ஆட்டம் முடிகிற நேரம். ரொம்பக் களைத்திருந்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பர்மனெண்ட் ஆர்டர் வந்த அன்று மாஸ்டர் ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். "இது தப்புக்கு இல்லடா, தின்னு" என்றார். அந்த டீமைச் சில வருஷங்கள் கழித்துக் கலைத்தேதான் விட்டார்கள். நான் ஸ்டோர்ஸ் ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்து, நாற்காலியிலிருந்து விருப்ப ஓய்வுக்கு நகர்ந்து, தஞ்சாவூருக்குப் பந்தோடு திரும்பி வந்தேன். இதெல்லாம் பின்னால். முதலில் பொங்கல் வந்தது.

மாட்டுப் பொங்கல் மேட்ச் அந்த வருஷம் திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூட மைதானத்தில். பாலத்தைத் தாண்டி எங்கள் ஊரே வந்திருந்தது, கொம்புக்குப் பெயிண்ட் அடித்த மாடுகள் உட்பட. நான் மஞ்சள் பனியனோடு இறங்கினேன். எங்கள் ஊர்ப் பனியன் சிவப்பு. முதலில் கண் கூசுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு மைக்செட் பேசியது.

"திருக்காட்டுப்பள்ளி அணிக்காக விளையாடும்... நமது வடகரையின்... துரோகி... மன்னிக்கவும், வீரர், ராசேந்திரன்!"

அதற்குப் பிறகு பந்து என் காலுக்கு வந்தபோதெல்லாம் ஒரு பக்கத்துக் கூட்டம் முழுவதும் என் குடும்பத்தை விசாரித்தது.

"டேய் ராசு, எந்த ஊரு பொங்கலடா காலையில தின்னே?"

"அவன் இப்ப மெட்ராஸ்டா, கரை தெரியாது!"

"சித்தப்பா, திரும்புங்க, நம்ம கோல் அந்தப் பக்கம்!"

சும்மா நிற்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நின்றால் கலியன் பஸ் ஏறிவிடுவான். ஆடினால் ஊர் ஏறிவிடும். நடுவில் ஆடுகிறவனுக்கு நடுவில் நிற்க இடமில்லாமல் போன ஒரே மேட்ச் அதுதான். ஆனால் கால் என்பது ஒரு விசுவாசமில்லாத உறுப்பு. பந்து வந்தால் அது யார் பனியன் என்று பார்ப்பதில்லை. எனக்கே தெரியாமல் ஒரு மடையைத் திறந்தேன், கலியன் அதில் பாய்ந்து ஒன்று போட்டான். அப்புறம் இன்னொன்று. அது என்னுடையது. எங்கள் ஊர்க் கீப்பர் என் ஒன்றுவிட்ட அண்ணன். பந்தை வலையிலிருந்து எடுத்து என் நெஞ்சில் எறிந்து, "இந்தா, இதையும் அவங்களுக்கே குடுத்துரு" என்றான்.

திருக்காட்டுப்பள்ளி ஜெயித்தது. கலியமூர்த்தி மைதானத்தை இரண்டு முறை சுற்றி ஓடினான். உண்மையாகவே வேர்த்திருந்தது. சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு பெரிய எவர்சில்வர் குடம். எனக்குத்தான் கொடுத்தார்கள். வேண்டுமென்றேதான் கொடுத்தார்கள். குடத்தின் வயிற்றில், தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி எழுத்து வெட்டியிருந்தது: 'திருக்காட்டுப்பள்ளி இளைஞர்கள் அன்பளிப்பு.'

அதைத் தோளில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நூறடி பின்னாலேயே பாலத்தைக் கடந்தேன். யாரும் திரும்பவில்லை. குடத்தில் சாயங்கால வெயில் பட்டு அவர்கள் முதுகிலெல்லாம் பளபளத்தது.

அம்மா மேட்சுக்கு வரவில்லை. ஆனால் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. குடத்தை இறக்கி வைத்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"கனமாத்தான் இருக்கு. என்ன எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன்.

"வேலை பர்மனெண்ட்தானே?"

"ஆமாம்மா."

"அதுக்காகத்தானா இது?"

"அதுக்காகத்தான்."

"ஒரு தடவைதானே?"

"ஒரு தடவைதான்னு கலியன் சொன்னான்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை அடிபம்புக்கு எடுத்துப் போனாள். நிறைத்து, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து, அடுப்படி மூலையில் இறக்கினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா தண்ணீர் குடிக்க வந்தார். தாகத்துக்கு வந்தவர் முகம் மாதிரி அது இல்லை.

"புதுக் குடமா சின்னம்மா?"

"மெட்ராஸ்ல கம்பெனியில குடுத்தாங்க" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே, கண் இமைக்காமல்.

"பேரு எதுவும் வெட்டலையா?" என்று அக்கா குனிந்து குடத்தின் கழுத்தில் கை வைத்தார்.

"அசைக்காதடி" என்றாள் அம்மா. "தண்ணி நெறைய இருக்கு."